மிதித்தால் எரியும் விளக்கு

இருட்டியதும் சைக்கிளை நிறுத்தி டைனமோவின் தலையைத் தட்டிவிடுவோம். அது டயரில் போய் ஒட்டிக்கொள்ளும். மிதிக்கத் தொடங்கியதும் 'கொர்ர்' என்று ஒரு சத்தம். ஹேண்டில்பாருக்கு முன்னால் மஞ்சள் வெளிச்சம். மேட்டில் திணறினால் வெளிச்சமும் மங்கும். கூடவே மிதி கனக்கும், எதிர்க்காற்றில் போவதுபோல. அந்தக் கனத்தில்தான் சூட்சுமமே இருக்கிறது.

டைனமோவுக்குள் ஒரு காந்தம், அதையொட்டி செம்புக் கம்பிச் சுருள். டயர் உரசி உருளையைச் சுழற்ற, காந்தமும் சுழலும். கம்பிச் சுருளின் பக்கத்தில் காந்தப்புலம் மாறிக்கொண்டே இருந்தால் மின்சாரம் பிறக்கும் என்பது 1831-இல் மைக்கேல் ஃபாரடே கண்டது. அந்த மின்சாரம் பல்பு வழியே ஓடியதும் சுருளும் ஒரு காந்தமாகி, சுழலும் காந்தத்தைத் தடுத்துப் பிடிக்கும். அந்தப் பிடியை மீறித்தான் கால் மிதிக்கிறது. பல்பு ஃபியூஸ் போனால் பிடி தளரும். டயர் உரசும் இழுப்புதான் மிஞ்சும்.

சைக்கிள் டைனமோ தருவது 6 வோல்ட், 3 வாட். திடமான ஒருவர் நிதானமாக மிதித்தால் ஒரு மணி நேரத்துக்கு 75 முதல் 100 வாட் வரை தாக்குப்பிடிப்பார். 100 என்றே வைத்துக்கொள்வோம். பத்து மணி நேரம் மிதித்தால்தான் ஒரு யூனிட். மின்வாரியம் சில ரூபாய்க்குத் தரும் அதே யூனிட்! சாப்பாட்டில் கிடைக்கும் ஆற்றலில் ஏறக்குறைய கால் பங்கைத்தான் தசை உழைப்பாக மாற்றும். மிச்சம் சூடாகி, வியர்வையாக வழியும். மிதித்தே வீட்டுக்கு ஏசி போடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

கரண்ட் கம்பமே எட்டாத ஊரில் கணக்கு வேறு. 1929-இல் ஆல்ஃபிரெட் டிரேகர் என்பவர் ஆஸ்திரேலியாவின் உள்நாட்டுப் பண்ணைகளுக்கு மிதி வானொலியைக் கொண்டுபோனார். காலால் மிதித்துக்கொண்டே மோர்ஸ் குறியீட்டில் தட்டினால், விமானத்தில் வரும் பறக்கும் மருத்துவருக்குச் செய்தி எட்டிவிடும். அதற்குச் சுமார் 20 வாட் போதுமானதாக இருந்தது. ஒரு வீட்டில் உயிர் ஊசலாடும்போது அந்த 20 வாட்டுக்கு என்ன விலை சொல்வது?

இன்று அதே 20 வாட்டில் இரண்டு எல்இடி பல்புகள் எரியும். 9 வாட் பல்பு ஒன்றே பழைய 60 வாட் குண்டு பல்பின் வெளிச்சத்தைத் தந்துவிடுகிறது. காலின் பலம் கூடவில்லை. விளக்கின் பசி குறைந்திருக்கிறது.

பரணில் பழைய டைனமோ கிடந்தால் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடாதீர்கள். சைக்கிளில் மாட்டி, பிள்ளைகளை மிதிக்கச் சொல்லுங்கள். பல்பைக் கழற்றிவிட்டு ஒரு தடவை, மாட்டி ஒரு தடவை.