முதுகு வலியோடு ஏழு மலை ஏறலாமா?

முதுகு வலிக்காரன் மலை ஏறலாமா?

ஏறலாம். நான் ஏறினேன். இறங்கியும் வந்தேன்.

ஆனால், எப்படி ஏறினேன், எதைச் சுமந்தேன், எதை வீட்டிலேயே விட்டுப் போனேன் என்பதையும் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமல் "ஏறலாம்" என்று மட்டும் எழுதினால், நாளைக்கு யாராவது இடுப்பைப் பிடித்துக்கொண்டு என்னைத் திட்டுவார்கள்!

குனிந்தேன், நிமிரவில்லை

எனக்கு வயது 36. நாள் முழுவதும் நாற்காலியில் உட்கார்ந்து எழுதுகிற வேலை.

ஒரு நாள் காலை. படுக்கையில் இருந்து எழுந்தேன். தண்ணீர்க் கேனைத் தூக்குவதற்காகக் குனிந்தேன். 20 லிட்டர் கேன்.

இடுப்பில் "சுரீர்" என்றது. அவ்வளவுதான். நிமிர முடியவில்லை.

பாயில் படுத்தேன். ஒரு நாள் அல்ல, இரண்டு நாள் அல்ல, மூன்று வாரம்!

"அசையாதே. அசைந்தால் எலும்பு விலகிவிடும்" என்றார் பக்கத்து வீட்டுக்காரர். ஒருவர் எண்ணெய் கொண்டு வந்தார். இன்னொருவர் இடுப்புக்குப் பட்டை கொண்டு வந்தார். எல்லோரும் நல்லவர்கள். அவர்கள் சொன்னபடியே அசையாமல் கிடந்தேன்.

மூன்று வாரம் கழித்து எழுந்தபோது வலி போகவில்லை. காலில் இருந்த பலம் போயிருந்தது!

இதற்குள் என் தாயார் ஒரு காரியம் செய்துவிட்டார். "என் மகன் எழுந்து நடந்தால், வெள்ளியங்கிரி ஏழாவது மலைக்கு நடந்தே வருவான்" என்று வேண்டிக்கொண்டார்.

வேண்டிக்கொண்டது அவர். நடக்க வேண்டியது நான்!

டாக்டர் சிரித்தார்

டாக்டரிடம் போனேன். அவர் ஒரு பெண்மணி. என்னைக் குனியச் சொன்னார். காலைத் தூக்கச் சொன்னார். பாதத்தைத் தட்டிப் பார்த்தார்.

"மூன்று வாரம் படுத்தே இருந்தீர்களா?" என்று கேட்டுச் சிரித்தார்.

"ஆமாம். ஓய்வு எடுத்தால் நல்லது என்றார்கள்" என்றேன்.

"அது பழைய வைத்தியம். முதுகு வலிக்கு நீண்ட படுக்கை மருந்து அல்ல" என்றார் டாக்டர்.

அது உண்மைதான். பின்லாந்து நாட்டில் ஹெல்சிங்கி நகரத்தில் ஓர் ஆராய்ச்சி நடந்தது. அதன் முடிவு 1995-ம் ஆண்டு வெளிவந்தது. திடீர் முதுகு வலி வந்தவர்களை மூன்று கூட்டமாகப் பிரித்தார்கள். ஒரு கூட்டம் படுக்கையில் இருந்தது. ஒரு கூட்டம் முதுகுப் பயிற்சி செய்தது. மூன்றாவது கூட்டம், முடிந்த மட்டும் வழக்கமான வேலைகளைப் பார்த்தது.

சீக்கிரம் தேறியது எந்தக் கூட்டம்? வழக்கமான வேலையைப் பார்த்த கூட்டம்தான். மெதுவாகத் தேறியது படுத்துக் கிடந்த கூட்டம்.

பிறகு டாக்டர் ஒரு காகிதத்தில் முதுகெலும்பை வரைந்து காட்டினார். இடுப்புப் பகுதியில் 5 எலும்புகள். ஒவ்வொரு எலும்புக்கும் நடுவில் மெத்தை போல ஒரு வட்டு. நம் ஊரில் "ஜவ்வு" என்று சொல்வது இதைத்தான்.

இரவில் நாம் படுத்திருக்கும்போது இந்த ஜவ்வு நீரை உறிஞ்சி உப்புகிறது. அதனால்தான் காலையில் நாம் கொஞ்சம் உயரமாக இருக்கிறோம்! காற்று அதிகம் அடித்த சைக்கிள் டியூப் போல, அந்த நேரத்தில் ஜவ்வு விறைப்பாக இருக்கும். எழுந்த உடனே குனிந்து கனமான பொருளைத் தூக்குவது கெடுதல்.

நான் செய்தது அதைத்தான்.

"மலை ஏறலாமா டாக்டர்?" என்று கேட்டேன்.

"உங்களுக்கு இருப்பது தசை வலி. நரம்பு நசுங்கவில்லை. ஏறலாம். ஆனால், இன்றைக்கு அல்ல. மூன்று மாதம் கழித்து" என்றார்.

முதலில் தெருக்கோடி

முதல் நாள் தெருக்கோடி வரை நடந்தேன். 10 நிமிடம். அதற்கே வியர்த்தது.

ஒரு மாதத்தில் அரை மணி நேரம் நடந்தேன். இரண்டாவது மாதம் ஆபீசில் லிப்டை மறந்தேன். நான்கு மாடி ஏறினேன், இறங்கினேன். மூன்றாவது மாதம் முதுகில் பையை மாட்டிக்கொண்டு ஏறினேன். முதல் வாரம் பையில் ஒரு கிலோ. அடுத்த வாரம் இரண்டு கிலோ.

பையில் இருந்தது அரிசி. "அரிசியை ஏன் ஆபீசுக்கு ஊர்வலம் கொண்டு போகிறீர்கள்?" என்று கேட்டாள் என் மனைவி.

நடை வெறும் பொழுதுபோக்கு அல்ல. ஆஸ்திரேலியாவில் நடந்த ஓர் ஆராய்ச்சி 2024-ம் ஆண்டு "லான்செட்" என்ற மருத்துவ இதழில் வந்தது. முதுகு வலி வந்து குணமான 701 பேர் அதில் சேர்ந்தார்கள். அவர்களில் ஒரு பகுதியினர், ஆலோசனை பெற்று, சிறிது சிறிதாக நடையைக் கூட்டிக்கொண்டே போனார்கள். மற்றவர்களுக்குத் தனிச் சிகிச்சை எதுவும் இல்லை.

நடக்காதவர்களுக்கு நடுத்தரமாக 112 நாளில் வலி திரும்பி வந்தது. நடந்தவர்களுக்கு 208 நாள் ஆயிற்று. நடைக்குக் காசு வேண்டாம். இதைவிட மலிவான மருந்து எது?

பைக்குள் என்ன?

மலைக்குப் போகிறவர்களில் பலர், பாதி வீட்டைக் கட்டி எடுத்துக்கொண்டு போகிறார்கள். நல்ல முதுகே இதைத் தாங்காது.

பகலில் போய்த் திரும்பும் நடைக்கு, நம் உடல் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் சுமக்காமல் இருப்பது நல்லது. 60 கிலோ எடை உள்ளவர் 6 கிலோ. முதுகு வலிக்காரர் அதிலும் குறைக்க வேண்டும். நான் 4 கிலோ எடுத்துப் போனேன். தண்ணீர், போர்வை, டார்ச் விளக்கு, கடலை மிட்டாய், புளிச் சோறு. அவ்வளவுதான். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ என்பதை மறக்கக் கூடாது.

தோளில் ஒரு பக்கமாகத் தொங்கும் ஜோல்னா பை வேண்டவே வேண்டாம். உடம்பு ஒரு பக்கம் சாயும். இரண்டு தோளிலும் மாட்டும் பைதான் நல்லது. இடுப்பில் கட்டும் வார் உள்ள பையாக இருந்தால் இன்னும் நல்லது. அந்த வாரை வயிற்றின் மேல் கட்டக் கூடாது. இடுப்பு எலும்பின் மேல் இறுக்கிக் கட்ட வேண்டும். அப்போது பாரத்தில் பெரும் பகுதி தோளை விட்டு இடுப்புக்குப் போய்விடும்.

கனமான பொருளை முதுகை ஒட்டி வைக்க வேண்டும். அது வெளிப்பக்கம் இருந்தால் பை பின்னால் இழுக்கும். நாம் முன்னால் குனிவோம். குனிந்தால் ஜவ்வின் மீது அழுத்தம் ஏறும்.

பையைத் தரையில் இருந்து வெடுக்கென்று தூக்கி மாட்டக் கூடாது. ஒரு திண்ணை மேலோ பாறை மேலோ வைத்து, திரும்பி நின்று மாட்ட வேண்டும்.

இது நம் பாட்டன் பூட்டனுக்குத் தெரிந்த வித்தைதான். பழைய சாலைகளின் ஓரத்தில் சுமைதாங்கிக் கல் நிற்கும். பார்த்திருப்பீர்கள். தலைச்சுமைக்காரர் குனியாமல், யார் உதவியும் இல்லாமல் சுமையை இறக்கலாம், ஏற்றலாம். அந்த உயரத்தில்தான் கல்லை நட்டிருப்பார்கள்.

நேபாளத்து மலைக் கூலிகள், நடக்கும் சுமைதாங்கியையே கையில் வைத்திருக்கிறார்கள்! ஆங்கில எழுத்து "டி" போல ஒரு குட்டைத் தடி. அதன் பெயர் "தோக்மா". களைத்தால் முதுகுக் கூடையின் அடியில் அந்தத் தடியை ஊன்றி, நின்றபடியே இளைப்பாறுவார்கள். கூடையின் வாரை நெற்றியில் மாட்டியிருப்பார்கள்.

அவர்கள் சுமக்கும் பாரம் எவ்வளவு தெரியுமா? எவரெஸ்ட் பாதையில் அளந்து பார்த்து, 2005-ம் ஆண்டு "சயன்ஸ்" என்ற இதழில் எழுதினார்கள். ஆண்கள் சுமந்தது சராசரியாகத் தங்கள் உடல் எடையில் 100-க்கு 93 பங்கு! அவர்கள் மெதுவாக நடக்கிறார்கள். அடிக்கடி நிற்கிறார்கள்.

அந்தப் பாரத்தை நாம் பின்பற்ற வேண்டாம். அது அவர்கள் பிழைப்பு. மெதுவாக நடப்பதையும், அடிக்கடி நிற்பதையும் எடுத்துக்கொள்ளலாம்.

மூங்கில் தடி

2025-ம் ஆண்டு மார்ச் மாதம் ஓர் இரவு, பூண்டிக்குப் போய்ச் சேர்ந்தேன். கோயமுத்தூருக்கு மேற்கே சுமார் 40 கிலோ மீட்டர். அடிவாரத்தில் வெள்ளியங்கிரி ஆண்டவர் கோவில். அங்கிருந்து ஏழு மலை. ஏறுவதற்கு மட்டும் சுமார் 6 கிலோ மீட்டர்.

அடிவாரத்தில் மூங்கில் தடி வாங்கினேன். நெஞ்சு உயரம். "எனக்கு எதற்குத் தடி?" என்று வீறாப்புப் பேசும் இளைஞர்கள் சிலரைப் பார்த்தேன். திரும்பி வரும்போது அவர்களையும் பார்த்தேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

முதல் மலை படிக்கட்டு. செங்குத்து. அதிலேயே பலர் வேகமாக ஏறி, மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டார்கள். எனக்கு முன்னால் ஒரு பெரியவர் போனார். திருப்பூரில் மில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவராம். ஆமை நடை.

"அவசரப்படாதீங்க தம்பி. பேசிக்கிட்டே ஏற முடிஞ்சா அதுதான் சரியான வேகம். பேச மூச்சு வரலீன்னா நின்னுக்கணும்" என்றார்.

அவரோடு ஒட்டிக்கொண்டேன்.

பாம்பாட்டிச் சுனையில் தண்ணீர் குடித்தோம். கைதட்டிச் சுனையைத் தாண்டிய பிறகு இடுப்பில் வலி எடுத்தது.

பயந்துவிட்டேன். திரும்பிவிடலாமா? அம்மா முகம் நினைவுக்கு வந்தது.

சட்டைப் பையில் வலி மாத்திரை இருந்தது. ஆனால், டாக்டர் எச்சரித்திருந்தார். "வலியை மறைத்துக்கொண்டு ஏறாதீர்கள். வியர்த்து, உடம்பில் நீர் குறைந்திருக்கும்போது சில வலி மாத்திரைகள் சிறுநீரகத்தைக் கெடுக்கும்" என்றார்.

மாத்திரையைத் தொடவில்லை. பையை ஒரு பாறை மேல் இறக்கினேன். கைகளை இடுப்பில் வைத்து, மெதுவாகப் பின்பக்கம் வளைந்தேன். பத்து முறை. பிறகு மல்லாந்து படுத்து, முழங்காலை நெஞ்சுக்குக் கொண்டுவந்தேன்.

கால் மணி நேரத்தில் வலி தணிந்தது. அது இடுப்பிலேயே நின்ற வலி, காலுக்கு இறங்கவில்லை. அதனால் நடந்தேன்.

காலுக்கு இறங்கினால்?

இந்த இடத்தைக் கவனமாகப் படியுங்கள்.

வலி தொடை வழியாக முழங்காலுக்குக் கீழே ஓடினாலும், பாதம் மரத்தாலும், காலில் பலம் குறைந்தாலும் மேலே ஏறக் கூடாது. துணையோடு இறங்கி, டாக்டரைப் பார்க்க வேண்டும்.

உட்காரும் இடம் மரத்துப்போனால், சிறுநீரோ மலமோ அடக்க முடியாமல் போனால், அல்லது சிறுநீர் வராமலே நின்றுவிட்டால், அது பெரிய ஆபத்து. நரம்புக் கொத்து நசுங்குகிறது என்று பொருள். மணிக் கணக்கில்கூடத் தாமதம் கூடாது. உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

காய்ச்சலோடு வரும் முதுகு வலி, கீழே விழுந்த பிறகு வரும் வலி, எலும்பு மெலிந்த வயதானவர்களின் வலி, இவற்றோடும் மலைக்குப் போகக் கூடாது. இதய நோய், மூச்சுத் திணறல் உள்ளவர்களுக்கும் வெள்ளியங்கிரி வேண்டாம். இந்த மலையில் மூச்சடைத்து இறந்தவர்கள் உண்டு.

இறக்கம்தான் சோதனை

விடியும் நேரத்தில் ஏழாவது மலையில் நின்றேன். குகைக்குள் சுயம்பு லிங்கம். அம்மா கொடுத்த விபூதிப் பொட்டலத்தை வைத்துக் கும்பிட்டேன்.

மேலே பேய்க் காற்று. வியர்த்த உடம்பில் குளிர் பட்டால் முதுகுத் தசை இறுகிவிடும். போர்வையைப் போர்த்திக்கொண்டேன். பெரியவர் வேறு சட்டையே கொண்டு வந்திருந்தார்!

இறங்குவது சுலபம் என்று நினைத்தேன். தவறு. இறங்கும்போது ஒவ்வொரு அடியும் "தொம்" என்று விழுகிறது. அந்த அதிர்ச்சி முழங்காலுக்கும் இடுப்புக்கும் போகிறது.

"தடியை முன்னால ஊனுங்க. அப்புறம் காலை வைங்க. சின்ன அடியா வைங்க. பெரிய படியா இருந்தா பக்கவாட்டில இறங்குங்க" என்று பெரியவர் சொல்லிக்கொண்டே வந்தார்.

வீறாப்புப் பேசிய இளைஞர்கள், இரண்டாவது மலையில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். "அண்ணா, அந்தத் தடியைக் கொடுப்பீங்களா?" என்று ஒருவன் கேட்டான்.

கொடுக்கவில்லை. அந்த நேரத்தில் என் முதுகுதான் எனக்குப் பெரிது!

நண்பகலுக்கு முன்னால் அடிவாரம் வந்தேன். இரண்டு நாள் தொடை வலித்தது. முதுகு வலிக்கவில்லை.

தடியை வீட்டுக்குக் கொண்டு வந்து கதவு மூலையில் சாத்தினேன். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் தடியைக் காணோம். என் தாயார் அதை ஊன்றிக்கொண்டு தெருக்கோடி வரை நடந்துவிட்டு வந்துகொண்டிருந்தார்.

"என்னம்மா இது?" என்றேன்.

"எனக்கும் பத்து வருசமா இடுப்பு வலி சாமி. உன்கிட்டச் சொல்லலே" என்றார்.

மறுநாளே அவரை அதே டாக்டரிடம் அழைத்துப் போனேன்.