ஆட்சி கவிழ்ந்த நாட்டின் குடும்பங்களுக்கு யார் பதில் சொல்வது?

2021 ஆகஸ்ட் 15-ஆம் தேதி காபூல் தாலிபான் வசம் போனது. இரண்டே நாளில் இந்தியத் தூதரக ஊழியர்கள் நாடு திரும்பினர். ஆப்கானியருக்கென அவசர மின்னணு விசாவை உள்துறை அமைச்சகம் அறிவித்தது. அடுத்த வாரமே, ஏற்கெனவே கொடுத்த விசாக்கள் செல்லாது, மின்னணு விசா இருந்தால்தான் வரலாம் என்றும் உத்தரவிட்டது. ராஜதந்திர பாஸ்போர்ட்டுடன் டெல்லியில் வந்திறங்கிய ஆப்கன் பெண் எம்.பி. ஒருவர் விமான நிலையத்திலிருந்தே திருப்பி அனுப்பப்பட்டார். இதற்கெல்லாம் அடிப்படைக் காரணம், நம்மிடம் அகதிச் சட்டமே இல்லை என்பது. 1951-ஆம் ஆண்டின் ஐ.நா. அகதிகள் உடன்படிக்கையிலும் இந்தியா கையெழுத்திடவில்லை. எனவே ஒவ்வொரு நெருக்கடியிலும் அந்தந்த நேரத்து அரசாணையே விதியாகிறது.

அரசாணை மாறினால் தலையெழுத்தும் மாறும் என்பதற்குத் தமிழ்நாடே சாட்சி. 1962 மார்ச்சில் ஜெனரல் நெ வின் பர்மாவின் ஆட்சியைப் பிடித்தார். 1964-இல் கடைகள் அரசுடைமையாகின, 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாமல் போயின. பிழைப்பை இழந்த தமிழ்க் குடும்பங்களை இந்தியா கப்பல் அனுப்பி அழைத்துவந்து, 'தாயகம் திரும்பியோர்' என்று பெயரிட்டு மறுவாழ்வு கொடுத்தது. 1983-க்குப் பின் இலங்கையிலிருந்து வந்தவர்களோ பல்லாண்டுகளாக முகாம்களில் இருக்கிறார்கள். 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கை இடம்பெறவில்லை. 2015 ஜனவரி 9-க்குள் வந்து பதிவு செய்த இலங்கைத் தமிழர்களுக்கு, ஆவணமில்லாமல் தங்கியதற்கான தண்டனையிலிருந்து விலக்கு கிடைத்ததே 2025 செப்டம்பரில்தான். அதுவும் குடியுரிமை அல்ல. தீர்ப்பைத் தள்ளிப்போடுவதும் ஒரு தீர்ப்புதான் என்பதை முகாம்களிலேயே பிறந்து வளர்ந்த ஒரு தலைமுறை அனுபவித்துவிட்டது.

அவசரமாக முடிவெடுத்தால் தீயவர்களும் நுழைந்துவிடுவார்களே என்ற கேள்வி நியாயமானது. ஆப்கானியரின் சில பாஸ்போர்ட்டுகள் காணாமல் போனதாக வந்த தகவலைத்தான் 2021-இல் அரசும் காரணமாகச் சொன்னது. ஆனால் விரைவும் சோதனையும் ஒன்றுக்கொன்று எதிரிகள் அல்ல. உகாண்டாவில் ராணுவப் புரட்சியால் ஆட்சிக்கு வந்த இடி அமீன், 1972 ஆகஸ்டில் ஆசியர்கள் 90 நாளில் வெளியேற வேண்டும் என்றார். கனடா தன் குடிவரவு அதிகாரிகளையும் மருத்துவக் குழுவையும் கம்பாலாவுக்கே அனுப்பியது. நேர்காணலும் உடற்பரிசோதனையும் அங்கேயே நடந்தன. கெடு முடிவதற்குள் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட விசாக்கள் வழங்கப்பட்டன. வழக்கமான மதிப்பெண் முறையை அதிகாரிகள் தளர்த்தினார்களே தவிர விசாரணையைக் கைவிடவில்லை. தூதரகமே மூடப்பட்டுவிட்டால் அண்டை நாட்டில் அதே வேலையைச் செய்யலாம். சந்தேகம் தீராதவர்களுக்குத் தற்காலிக அனுமதி தந்து இங்கே விசாரிக்கலாம்.

வேலையும் இடமும் நம்மவருக்கே போதவில்லை என்பது அடுத்த ஆட்சேபம். எல்லோரையும் ஏற்க வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. எத்தனை பேர் என்பதை அரசு தீர்மானிக்கட்டும். எப்படித் தீர்மானிக்கிறோம் என்பது மட்டும் சட்டத்தில் எழுதப்பட வேண்டும். விண்ணப்பத்தைக் குடும்பமாகவே எடுத்துக்கொள்வது அதில் முதல் விதியாக இருக்கட்டும். பெரிய காஞ்சிபுரத்தில் கோர்வைப் பட்டு நெய்பவருக்கு இது விளங்கும்: கரைக்கு நாடா போட மறுபக்கம் ஆள் இல்லையென்றால் தறி ஓடாது. தந்தைக்கு விசா தந்து மகளுக்கு மறுத்தால் அந்தக் குடும்பமும் நின்றுபோகும். அடுத்தது, ஆவணம் இல்லை என்பதே மறுப்புக்குக் காரணமாகக் கூடாது. துரத்தும் அரசிடமே போய்ச் சான்றிதழ் வாங்கி வா என்பது கொடுமை. பதிலுக்கு ஒரு கெடு, மறுத்தால் எழுத்துமூலம் காரணம், மேல்முறையீட்டுக்கு ஒரு வழி ஆகியவையும் வேண்டும். இவற்றால் அரசின் அதிகாரம் குறையாது. 'முடியாது' என்ற பதில்கூட காலத்தோடு வந்தால், அந்தக் குடும்பம் வேறு நாட்டின் கதவைத் தட்ட நேரம் இருக்கும்.