தாதியர் வேலையும் பின்னணிச் சரிபார்ப்பும்: பெயரில் ஓர் எழுத்து செய்யும் வேலை

சுன்னாகத்தில் என்னிடம் படித்த முஸ்லிம் மாணவி ஒருவர் தாதியர் பயிற்சி முடித்து வளைகுடா நாடொன்றுக்கு விண்ணப்பித்தார். பின்னணிச் சரிபார்ப்பில் அவரது கோப்பு மாதக்கணக்கில் நின்றது. "நான் என்ன குற்றம் செய்தேன் டீச்சர்?" என்று அழுதார். குற்றம் எதுவுமில்லை. கடவுச்சீட்டிலும் சாதாரண தரச் சான்றிதழிலும் 'பாத்திமா' வெவ்வேறு ஆங்கில எழுத்துகளில் இருந்தது.

இந்தச் சரிபார்ப்பு வீண் கெடுபிடி அல்ல. அமெரிக்காவில் சார்ள்ஸ் கல்லன் என்ற ஆண் தாதி, 2003 டிசம்பரில் கைதாகும் வரை சுமார் 16 ஆண்டுகள் வைத்தியசாலை மாறி வைத்தியசாலை வேலை செய்தான். பின்னர் 29 கொலைகளை நீதிமன்றில் ஒப்புக்கொண்டான். அவன்மீது சந்தேகம் கொண்ட இடங்களும் அடுத்த இடத்துக்கு எச்சரிக்கை சொல்லவில்லை. அதன் பிறகே நியூ ஜேர்சி மாநிலம் 2005இல் முறைகேடுகளை அறிவிப்பதைச் சட்டமாக்கியது.

பொதுவாக மூன்று விடயங்களைப் பார்க்கிறார்கள். குற்றப் பதிவு உண்டா என்பதற்குப் பொலிஸ் நற்சான்றிதழ். தொழில் செய்ய அனுமதி உண்டா என்பதற்குத் தாதியர் பதிவு. மூன்றாவது மூலச் சரிபார்ப்பு. சவூதி, கத்தார், அமீரகம் ஆகியவற்றுக்காக டேட்டாஃப்ளோ போன்ற நிறுவனங்கள், சான்றிதழ் வழங்கிய கல்லூரியையும் வேலை செய்த வைத்தியசாலையையுமே நேரடியாகக் கேட்கின்றன. முகவர் விலைக்குத் தரும் போலி அனுபவக் கடிதம் அங்கேதான் பிடிபடும். அது பொய்ச் சாட்சியம், தொழிலையும் கெடுக்கும்.

வந்த செய்தியை உறுதிப்படுத்தச் சொல்லும் அதே ஸூரத்துல் ஹுஜுராத், பிறர் குறைகளைத் துருவுவதையும் தடுக்கிறது. எனவே வேலை கொடுப்பவர் ஆவணத்தைக் கேட்கட்டும். ஊர்ப்பேச்சைக் கேட்க வேண்டாம்.

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட நம் குடும்பங்களுக்கு இது இன்னும் கடினம். உம்மாவின் பிறப்புப் பதிவு யாழ்ப்பாணத்தில், மகளின் படிப்பு புத்தளத்தில், இப்போதைய விலாசம் வேறிடத்தில். ஆகவே விண்ணப்பத்துக்கு முன்பே பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, கடவுச்சீட்டு, பரீட்சைச் சான்றிதழ்களை ஒன்றாக வைத்து எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். வித்தியாசம் இருந்தால் இப்போதே திருத்த முயலுங்கள். இருந்த விலாசங்களையும் வேலை செய்த திகதிகளையும் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள்.

ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை. சாதாரண தர விண்ணப்பம் நம் கையால்தான் போகிறது. அன்று பிள்ளையின் பெயரைப் பிறப்புச் சான்றிதழோடு இரண்டு தடவை ஒப்பிட்டால், பத்து வருடம் கழித்து அவள் அழ வேண்டியிருக்காது. அந்த மாணவியின் விண்ணப்பத்தில் வகுப்பாசிரியராகக் கையொப்பமிட்டது நான்தான்.