கறுப்பு பிலிமும் இறால் தலையும்

பழைய எக்ஸ்ரே பிலிமைக் கையில் எடுத்துப் பாருங்க. அந்தக் கறுப்பு, பிளாஸ்டிக்கின் நிறம் இல்லை. பிளாஸ்டிக் தாள் மேல் ஜெலட்டின் பூசியிருக்கும். அதற்குள் சிக்கிக்கிடக்கும் வெள்ளித் துகள்கள்தான் கறுப்பாகத் தெரிகின்றன. ஜெலட்டின் மாட்டெலும்பு, தோல் போன்றவற்றில் இருந்து எடுக்கும் புரதம். ஊட்டியில் 1967-இல் உற்பத்தி தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலையும் இந்த அடிப்படையில்தான் ஓடியது.

புரதம் என்றால் அதைச் செரிக்கும் என்சைமும் இருக்குமே! டிரிப்சின் கரைசலில் ஒரு துண்டு பிலிமைப் போட்டால் ஜெலட்டின் அறுபடும், வெள்ளி உதிரும், கறுப்பு கண்ணாடியாகிவிடும். கலர்மானி வேண்டாம், கடிகாரம் போதும். அதனால்தான் பள்ளி பயாலஜி லேபுக்கு இது அவ்வளவு பிடித்துப்போனது.

டிரிப்சின் பாட்டில் இல்லாவிட்டால்? பழவேற்காடு பக்கம் இருப்பவர்களுக்கு இறால் தலை போதும். தலைக்குள் இருக்கும் செரிமானச் சுரப்பியில் டிரிப்சின் வகை என்சைம்கள் நிறைய. சுரப்பியைக் குளிர்ந்த நீரில் அரைத்து, துணியில் வடிகட்டி, ஒரு சிட்டிகை சமையல் சோடா போடுங்க. இந்த என்சைமுக்கு லேசான காரத்தன்மை பிடிக்கும்.

மூன்று குழாய்: ஒன்று ஐஸில், ஒன்று அறை வெப்பத்தில், மூன்றாவதில் நன்றாகக் கொதிக்க வைத்து ஆறவிட்ட சாறு. மூன்றாவதை விட்டுடாதீங்க. சோடாத் தண்ணீரே பூச்சைக் கரைத்துவிட்டதா என்ற சந்தேகத்தை அதுதான் தீர்க்கும். எக்ஸ்ரே பிலிமில் பெரும்பாலும் இரண்டு பக்கமும் பூச்சு உண்டு, இரண்டும் போனால்தான் தெளியும். இன்றைய டிஜிட்டல் பிரிண்ட் தாள்கள் பலவற்றில் ஜெலட்டினே கிடையாது, அது வேலைக்கு ஆகாது.

அறை வெப்பக் குழாய் முதலில் தெளியும். ஐஸ் குழாய் கறுப்பாகவே நிற்கும். பத்து டிகிரி ஏறினால் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பு என்று வைத்தால், 0-இலிருந்து 30 டிகிரிக்கு எட்டு மடங்கு.

இதே கணக்கு ஏரிக்கரையில் காசாகிறது. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம் போன்ற ஊர்களின் பாடு முறையில், வலை கட்டும் இடம் முறை வைத்துத்தான் கிடைக்கும். அன்றைக்குப் பிடித்த இறால் ஐஸ் இல்லாமல் கிடந்தால், தலையில் இருக்கும் அதே என்சைம்கள் கசிந்து பக்கத்துச் சதையைத் தின்ன ஆரம்பிக்கும். தலையை ஒட்டிய கணு முதலில் குழைந்துபோகும். குழைந்த இறாலுக்கு விலை இறங்கும். அடுத்த முறை வரும்வரை அந்த நட்டத்தை ஈடுகட்ட வழியில்லை. தலையைக் கிள்ளி எடுப்பதும் ஐஸ் போடுவதும் ஒரே என்சைமைத் தடுக்க இரண்டு வழிகள்.

ஐஸ் என்சைமைக் கொல்லாது, தூங்கத்தான் வைக்கும். நம்பலையா? ஐஸ் குழாயை வெளியே எடுத்து வைத்துப் பாருங்க, அந்த பிலிமும் தெளிய ஆரம்பிக்கும். கொதிக்க வைத்த குழாய் மட்டும் அப்படியே கறுப்பாக இருக்கும்.