இரண்டு பக்கங்களுக்கு நடுவே

மூன்று வயதில் படப் புத்தகம் வாங்கிக் கொடுத்தால் பிள்ளை ஓவியராகிவிடுமா என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். அட்டையிலேயே ‘படைப்பாற்றலை வளர்க்கும்’ என்று அச்சடித்து விற்பதை நம்பாதீர்கள். அந்த வாக்குறுதியைக் கொடுக்கும் நிலையில் அறிவியல் இல்லை. ஆனால் படம் பார்க்கும் குழந்தையின் மூளையில் நடப்பது அந்த விளம்பரத்தைவிடச் சுவையானது.

ஒரு பக்கத்தில் நாய் வேலிக்கு இந்தப் பக்கம் நிற்கிறது. புரட்டினால் அந்தப் பக்கம். அது தாண்டியதை யாரும் வரையவில்லை. குழந்தைதான் தாண்ட வைத்தது.

அமெரிக்காவின் சின்சினாட்டியில் ஜான் ஹட்டன் குழுவினர், 3 முதல் 5 வயது வரையுள்ள 27 குழந்தைகளுக்கு எம்.ஆர்.ஐ. கருவிக்குள் கதை சொன்னார்கள். ஒன்று குரலாக மட்டும், ஒன்று குரலோடு அசையாத படங்களாக, ஒன்று அசைபடமாக. அசைபடத்தில் பார்க்கும், கேட்கும் பகுதிகள் மும்முரமாக இயங்கின. மூளையின் வெவ்வேறு வலையமைப்புகளுக்கு இடையிலான இணைப்போ குறைந்தது. அசையாத படத்தில் மொழி, பார்வை, மனக்காட்சி ஆகியவற்றின் பகுதிகள் கைகோத்து வேலை செய்தன.

புள்ளிக் கோலம் போடுகிறவர்களுக்கு இது உடனே விளங்கும். குரல் மட்டும் என்றால் வெறும் வாசல்; சின்னக் கைக்கு எங்கே தொடங்குவது என்றே தெரியாது. அசைபடம் ஸ்டிக்கர் கோலம். ஒட்டிவிட்டால் கைக்கு வேலையில்லை. படப் புத்தகம் புள்ளி மட்டும் வைத்துக் கொடுக்கிறது, இழுப்பது குழந்தை. இழை ஒரு புள்ளி தள்ளிப் போனால் அங்கே புதுக் கோலம். புள்ளி அதிகமானாலும் சிக்கல்தான்: ஓர் அங்குலம் விடாமல் நிரப்பிய படங்களில் இழை ஓட இடமிருப்பதில்லை.

27 பேர் என்பது சிறிய எண்ணிக்கை. அவர்கள் வளர்ந்து என்ன ஆவார்கள் என்பதையும் இந்தச் சோதனை சொல்லாது.

 

பார்த்த படம் பிறகு என்ன ஆகிறது? 2007இல் லண்டனில் டெமிஸ் ஹசாபிஸும் எலினார் மகுவயரும் அவர்களுடைய குழுவினரும், மூளையின் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதி சேதமடைந்து நினைவிழந்த ஐவரிடம் வெண்மணல் கடற்கரையில் படுத்திருப்பதாகக் கற்பனை செய்யச் சொன்னார்கள். நால்வருக்குத் துண்டு துண்டாகத்தான் வந்தது, முழுக்காட்சி கூடவில்லை. பழையதை நினைக்கவும் இல்லாததைக் கற்பனை செய்யவும் மூளைக்கு ஒரே பட்டறை என்று ஆகிறது. சிறுவயதுப் படங்கள் அங்கே கிடக்கும் மூலப்பொருள்.

படப் புத்தகக் கலைஞர் எரிக் கார்ல் சிறுவயதில் பார்த்தவை புத்தகம்கூட அல்ல, தனித்தாள் அச்சுகள். நாஜி ஆட்சியில் ஸ்டுட்கார்ட்டில் படித்த அவருக்கு, தடைசெய்யப்பட்ட நவீன ஓவியங்களின் அச்சுகளை அவருடைய ஓவிய ஆசிரியர் ரகசியமாகக் காட்டினார். அவற்றில் ஃபிரான்ஸ் மார்க் வரைந்த விலங்குகளும் இருந்தன. பசித்த கம்பளிப்புழுவின் கதையை 1969இல் வெளியிட்டு உலகப் புகழ் பெற்ற கார்ல், 82 வயதில், 2011இல், நீலக் குதிரை வரைந்த ஓவியனைப் பற்றி ஒரு படப் புத்தகம் கொண்டுவந்தார். நீலக் குதிரையோடு அதில் சிவப்பு முதலையும், பச்சைச் சிங்கமும், உடலெங்கும் வண்ணப் புள்ளிகளோடு ஒரு கழுதையும் உண்டு.