58 டன் டாங்கி நன்னிலம் சேற்றில் இறங்குமா?

"அண்ணே, வயல்ல ஈரம் இருக்கா? இருந்தா டயர் வண்டி எறங்காது. செயின் வண்டிதான் அனுப்பணும். வாடகை கூட ஆகும்!"

சம்பா அறுப்பு வந்துவிட்டால் நன்னிலம் பக்கத்தில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. அறுவடை மிஷின் விஷயம்.

ராணுவத் தளபதிகளுக்கும் இதே கவலை உண்டு! எந்த டாங்கி எந்த மண்ணில் இறங்கும்?

3 ரகம்

ஒரு காலத்தில் டாங்கிகளை எடை பார்த்து 3 ரகமாகப் பிரித்தார்கள்.

இலகு ரகம், வேவு பார்க்க. நடுத்தர ரகம், எதிரி அணியைப் பிளந்துகொண்டு உள்ளே ஓட. கனரகம், பலமான அரண்களை உடைக்க.

2-வது உலகப் போருக்குப் பிறகு நிலைமை மாறியது. எஞ்சினும் பீரங்கியும் முன்னேறின. நடுத்தர டாங்கியே கனரக டாங்கியின் வேலையையும் பார்த்தது. அதற்கு "முதன்மைப் போர் டாங்கி" என்று பெயர்.

சென்னை அருகே ஆவடியில் 1965-ல் வெளிவந்த விஜயந்தா இந்த ரகம்தான். எடை சுமார் 39 டன். பிறகு அதே ஆவடியில் அஜேயா (41 டன்), பீஷ்மா (46 டன்), அர்ஜுன் (58 டன்) வந்தன. புதிய அர்ஜுன் 68 டன்!

சண்டை போடாத டாங்கிகளும் உண்டு. ஒன்று பாலம் போடும். இன்னொன்று பழுதான டாங்கியை இழுத்து வரும்.

செயின் செய்யும் வேலை

இவ்வளவு கனம் மண்ணில் புதையாதா?

இங்கேதான் செயின் கைகொடுக்கிறது. எடை முழுவதும் நீளமான செயினில் பரவிவிடுகிறது. அர்ஜுன் டாங்கி ஒரு சதுர சென்டிமீட்டர் மண்ணை அழுத்துவது 1 கிலோவுக்கும் குறைவு. சாதாரண கார் டயரோ சுமார் 2 கிலோ அழுத்துகிறது!

ஆனாலும் தண்ணீர் கட்டிய வயல் வேறு. செயினையும் அது விழுங்கும்.

வயலில் மாட்டிய பாட்டன்

1965 செப்டம்பர். பஞ்சாபில் கேம்கரன் அருகே அசல் உத்தர். பாகிஸ்தானின் பாட்டன் டாங்கிகள் பாய்ந்து வந்தன. ஒவ்வொன்றும் சுமார் 45 டன்.

கரும்பு வயல்களில் தண்ணீரைத் திறந்து விட்டார்கள். சேற்றில் சிக்கித் திணறிய டாங்கிகளை இந்திய வீரர்கள் மறைந்திருந்து சுட்டார்கள். ஹவில்தார் அப்துல் ஹமீது பல டாங்கிகளை நொறுக்கிவிட்டு வீரமரணம் அடைந்தார். பரம்வீர் சக்ரா பெற்றார்.

நீந்திய டாங்கி

1971-ல் கிழக்கு வங்காளம். ஆறு, வாய்க்கால், நெல் வயல் என்று நம்ம ஊர் மாதிரியே பூமி!

அங்கே இந்தியா இறக்கியது பி.டி.-76 என்ற இலகு டாங்கி. வெறும் 14 டன். மண்ணை அழுத்துவது சுமார் அரை கிலோ. ஆற்றில் நீந்தவும் செய்யும். நவம்பர் 21-ல் கரிப்பூரில் பாகிஸ்தானின் சாபி டாங்கிகளை அது முறியடித்தது.

குறையும் உண்டு. அதன் கவசம் மெல்லிசு. பெரிய குண்டு பட்டால் உள்ளே இருப்பவர்கள் தப்புவது கஷ்டம். எடையைக் குறைப்பதற்குக் கொடுக்கும் விலை அது.

மலைக்கும் இலகு ரகமே தோது. 1948 நவம்பர் 1-ல் சோஜிலா கணவாயில், 11 ஆயிரம் அடிக்கு மேல், ஸ்டூவர்ட் இலகு டாங்கிகள் ஏறிக் காட்டின. இப்போது லடாக் மலைகளுக்காக 25 டன்னில் "ஜோராவர்" உருவாகியிருக்கிறது. அதை வடிவமைத்ததில் ஆவடி ஆராய்ச்சிக் கூடத்துக்கும் பங்கு உண்டு. 2024 ஜூலையில் குஜராத்தில் அதைக் காட்டினார்கள்.

சரி, அர்ஜுன் நன்னிலத்துக்கு வந்தால்?

கோடையில் வெடித்துக் கிடக்கும் வயலில் தாராளமாக ஓடும். நடவு நேரத்தில் வந்தால் சந்தேகம்தான். வழியில் உள்ள வாய்க்கால் பாலம் 58 டன்னைத் தாங்க வேண்டுமே!

"ஈரம் இருக்கா?" என்று முதலில் கேட்கும் நம்ம ஊர் மிஷின்காரருக்கு இது புதுப் பாடம் அல்ல.