ஆகாய விமானத்தின் ஜன்னல்

கள்ளக்குறிச்சி ஜில்லாவில், கல்வராயன் மலைக்குக் கிழக்கே, உளுந்தூர்பேட்டையில் இரண்டாவது உலக யுத்த காலத்து விமான ஓடுதளம் ஒன்று உண்டு. அதை நினைத்தால் அக்காலத்துச் சிறு விமானங்களும் நம் நினைவுக்கு வருகின்றன.

1932-ல் ஸ்ரீ ஜே. ஆர். டி. டாடா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் விமானம் ஓட்டினார். 1982-ல், தமது 78-வது வயதில், 'லெப்பர்ட் மாத்' என்னும் பழைய விமானத்தில் அதே மார்க்கமாய் மீண்டும் பறந்தார்! பழைய விமானம் இப்படிப் பறக்க எஞ்சின் மட்டும் செம்மையாயிருந்தால் போதுமா? ஜன்னல் மங்கினால் விமானி எதிர்ப்படுவதை எவ்வாறு காண்பார்?

சிறு விமானங்கள் சிலவற்றில் கதவு ஜன்னல் காடியில் நகரும். அதில் இருப்பது கண்ணாடியன்று, அக்ரிலிக் தகடு. வெயிலில் அது கண்ணாடியைவிட அதிகம் விரியும். மழைக்காலத்தில் நம் வீட்டுக் கதவு உப்பி இறுகிக்கொள்வதில்லையா? அதே கதைதான். ஆகையால், புதுப்பிப்பவர்கள் தகட்டைச் சற்றுக் குறைத்து வெட்டி, இடைவெளி விட்டே பொருத்த வேண்டும். இறுக்கினால் வெடிக்கும். பெட்ரோலால் துடைத்தால் நுண்ணிய விரிசல்கள் விழும். சோப்பு நீரே உத்தமம். முடிவில் லைசென்ஸ் பெற்ற எஞ்சினியர் பரிசோதித்துக் கையெழுத்திட வேண்டும்.

மயிரிழை இடைவெளிதான், விமானியின் உயிர் அதிலும் அடங்கியிருக்கிறதல்லவா?